வெர்னேயின் பதினைந்து துறைமுகங்கள்: அரசுப் பணி ஓவியரை முடக்கியதா?

பழம்பொருள் கடையில் வாங்கிய, பிரான்சின் தூலோன் துறைமுகத்தைக் காட்டும் அச்சுப்படத்தின் அடியில் பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கடல் ஓவியர் ‘வெர்னே’யின் பெயரைப் பார்த்துவிட்டு, தாங்கள் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். புயலின்போது பாய்மரத்தில் தம்மைக் கட்டச் சொல்லி இவர் கடலைப் பார்த்தார் என்பது மெய்யா? அரசர் ஆணையின் பேரில் பத்தாண்டுக்கு மேலாகத் துறைமுகங்களை வரைந்த வேலை இவரை வளர்த்ததா, முடக்கியதா? கையிலிருக்கும் படத்துக்கு மதிப்பு உண்டா? இவற்றுள் நடுவில் இருப்பதே உண்மையான கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. பிறர் குறித்துக் கொடுத்த இடத்தை, குறித்துக் கொடுத்த முறையில் வரைய ஒப்புக்கொண்டவர் கலைஞரா, கூலிக்கு வரைந்தவரா என்பதுதான் அதன் உட்பொருள். மற்ற இரண்டுக்கும் இடையிடையே விடை சொல்கிறேன்.

கவின்கலைக் கல்லூரியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பிய ஓவிய வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். வெர்னேயின் துறைமுக ஓவியங்களைப் பாரிசில் இருமுறை நேரில் நின்று பார்த்திருக்கிறேன். அவருடைய கடிதங்களையும் கணக்குகளையும் அச்சில் வந்த அளவில்தான் படித்திருக்கிறேன். ஆவணக் காப்பகத்தில் அமர்ந்து மூலங்களைப் புரட்டியவன் அல்லன். அந்த எல்லையை மனத்தில் கொண்டு படியுங்கள்.

பாய்மரக் கதையை முதலில் முடித்துவிடலாம். 1734இல் இத்தாலிக்குக் கப்பலேறிய இளைஞர் வெர்னே, புயல் வந்ததும் அஞ்சாமல் தம்மைப் பாய்மரத்தோடு கட்டச் சொல்லி, அலையின் வடிவத்தையும் நிறத்தையும் கண்ணால் அள்ளிக்கொண்டார் என்பது கதை. இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது, இக்காட்சியை ஒரு பெரிய ஓவியமாக அவருடைய பேரன் ஒராஸ் வெர்னே 1822இல் வரைந்தார் என்பது மட்டுமே. தாத்தா இறந்து அப்போது 33 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் இறந்த ஆண்டில்தான் பேரன் பிறந்திருந்தார். குடும்பப் பெருமை தூரிகையேறியது என்று கொள்வதே முறை. இதே கதை ஆங்கில ஓவியர் டர்னரைப் பற்றியும் வழங்குகிறது. அவருக்கு முன் வாழ்ந்த டச்சுக் கடல் ஓவியர் பாக்ஹாய்சனும் புயலில் படகேறிச் சென்றதாகச் சொல்வார்கள். கடல் ஓவியர் என்றாலே ஒரு புயல் கதை ஒட்டிக்கொள்ளும் போலும். வெர்னே புயலைப் பார்த்திருப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை. கட்டிய கயிற்றில்தான் ஐயம்.

இன்னொரு வேடிக்கை, க்ளோத் ஜோசப் வெர்னே கடற்கரையில் பிறந்தவரே அல்லர். அவர் 1714 ஆகஸ்டு 14 அன்று பிறந்த அவின்யோன், ரோன் ஆற்றங்கரை நகரம். அந்நாளில் அது பிரெஞ்சு அரசரின் கீழ் இல்லாமல் போப்பாண்டவரின் ஆட்சியில் இருந்தது. தந்தை அந்துவான் அலங்கார ஓவியர். மகன் உள்ளூரிலும் தென் பிரான்சின் எக்ஸ் நகரிலும் தொழில் பழகினார். பிறகு உள்ளூர்ப் பெருமகன் ஒருவர் பணம் கொடுத்து அவரை ரோமுக்கு அனுப்பினார். அங்கே பழைய சிற்பங்களையும் பெரிய ஓவியங்களையும் படியெடுத்துப் பயில வேண்டும் என்பதே அனுப்பியவரின் நோக்கம். ஆனால் ரோமில் ஏற்கெனவே கடல் காட்சி வரைந்து புகழ் பெற்றிருந்த லியோன் நகரத்து அட்ரியான் மாங்லாரின் பழக்கம் கிடைத்தது. முந்தைய நூற்றாண்டில் அதே ரோமில் வாழ்ந்த க்ளோத் லோரேனின் பொன்வெயில் துறைமுகங்களும், சால்வதோர் ரோசாவின் கரடுமுரடான பாறைகளும் முன்மாதிரிகளாகக் கிடைத்தன. இளைஞர் கடலின் பக்கம் திரும்பிவிட்டார்.

ரோமில் அவர் இருந்தது ஏறத்தாழ பத்தொன்பது ஆண்டுகள். அந்தக் காலத்தைப் பற்றி நாம் நம்பிக்கையோடு பேச முடிவதற்குக் காரணம், வெர்னே தம் வரவு செலவையும் வந்த வேலைகளையும் தாமே குறித்து வைத்த ஏடுகள். லெயோன் லாக்ரான்ழ் என்ற ஆய்வாளர் 1864இல் அவற்றை அச்சேற்றினார். அவற்றைப் புரட்டினால் ஒரு கலைஞரின் நாட்குறிப்பைப் படிக்கும் உணர்வைவிட, நல்ல தையற்காரரின் அளவுக் குறிப்பைப் படிக்கும் உணர்வே மேலோங்கும். இன்னாருக்கு இத்தனை அளவில் இரண்டு படம், ஒன்றில் புயல், மற்றதில் அமைதியான கடல், வேறொருவருக்கு நிலவொளி, இன்னொருவருக்கு மூடுபனிக் காலை என்று வரிசையாக வரும். இத்தாலியைச் சுற்றிப் பார்க்க வந்த ஆங்கிலேயச் செல்வர்கள்தாம் முக்கிய வாடிக்கையாளர்கள். 1745இல் அவர் மணந்த வர்ஜீனியா பார்க்கர், போப்பாண்டவரின் கடற்படையில் பணியாற்றிய அயர்லாந்துக்காரர் ஒருவரின் மகள். அந்த உறவும் ஆங்கிலம் பேசுவோரிடையே கதவுகளைத் திறந்திருக்கும்.

ஆகவே, அரசர் ஆணைக்கு முன்பு வெர்னே தன்னிச்சையாக வரைந்தார், பின்பு கட்டுப்பட்டார் என்று பிரித்துப் பார்ப்பது சரியன்று. தொடக்கத்திலிருந்தே அவர் கேட்டதை வரைந்து கொடுத்தவர். வேறுபாடு கேட்ட பொருளில் இருக்கிறது. ரோம் வாடிக்கையாளர் ‘ஒரு புயல்’ என்றுதான் கேட்டார். எந்த ஊர்க் கடல் என்று கேட்கவில்லை. இடிந்த கோபுரம், வளைந்த மரம், உடைந்த கப்பல், கரையில் மயங்கிக் கிடக்கும் பெண், கயிறு இழுக்கும் மாலுமிகள் ஆகியவற்றைக் கூட்டியும் குறைத்தும் அடுக்கினால் போதும். 1748இல் வரைந்த நேப்பிள்ஸ் வளைகுடா ஓவியங்களைப் போல இடம் தெரியும் படங்கள் சில உண்டு. பெரும்பாலானவை எந்த ஊருக்கும் உரியவை அல்ல.

இருந்தும் அந்தக் கற்பனைக் கடல்களில் ஒளி பொய்யாக இருப்பதில்லை. அதற்கான காரணத்தைச் சொல்ல ஒரு நல்ல சாட்சி இருக்கிறார். ஆங்கில ஓவியர் ரெனால்ட்ஸ் இளமையில் ரோமில் வெர்னேயைச் சந்தித்தவர். பல்லாண்டுகள் கழித்து, கடல் வரைய விரும்பிய நிக்கலஸ் போக்காக்கிற்கு அவர் எழுதிய கடிதத்தில், வெறுமனே கோட்டுப்படம் எடுத்துக்கொண்டு வராமல் வண்ணத் தட்டையும் தூரிகையையும் நீர்க்கரைக்கே கொண்டுபோய் வரையுங்கள், வெர்னே அப்படித்தான் செய்தார் என்று அறிவுறுத்துகிறார். திறந்தவெளியில் வண்ணம் தீட்டுவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு என்று பாடநூல்கள் எழுதுவதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இக்கடிதம் நினைவுக்கு வரும்.

இனி அரசர் ஆணைக்கு வருகிறேன். பதினைந்தாம் லூயியின் அன்புக்குரிய பொம்பதூர் சீமாட்டியின் தம்பி, பின்னாளில் மரின்யி பிரபு என்று அறியப்பட்டவர், அரச கட்டடங்களுக்கும் கலைப் பணிகளுக்கும் தலைவராகப் பொறுப்பேற்குமுன் இத்தாலியைச் சுற்றி வந்தார். அப்போது வெர்னேயின் வேலை அவர் கண்ணில் பட்டது. 1753இல் வெர்னே பிரான்சுக்கு அழைக்கப்பட்டு, அரச ஓவியக் கழகத்தில் முழு உறுப்பினராக ஏற்கப்பட்டார்; நாட்டின் துறைமுகங்களை வரையும் பணியும் கையில் வந்தது. திட்டமிட்டவை 24, முடிந்தவை 15. ஒவ்வொன்றும் 165 சென்டிமீட்டர் உயரம், 263 சென்டிமீட்டர் அகலம். படம் ஒன்றுக்குக் கூலி 6000 லீவர் (அந்நாள் பிரெஞ்சு நாணயம்). மார்சேய் இரண்டு, பாந்தோல் ஒன்று, தூலோன் மூன்று, ஆந்தீப் ஒன்று, செத் ஒன்று, போர்தோ இரண்டு, பயோன் இரண்டு, லா ரோஷெல், ரோஷ்ஃபோர், தியப் ஒவ்வொன்று. 1754இல் மார்சேயில் தொடங்கியது 1765இல் தியப் படத்தோடு நின்றது.

மரின்யி கேட்டது வெறும் காட்சியை அன்று. ஒவ்வொரு துறைமுகமும் எதற்குப் பெயர் பெற்றதோ அது படத்தில் தெரிய வேண்டும்; எந்த இடத்தில் நின்று பார்த்த காட்சி என்பதும் விளங்க வேண்டும். மார்சேயின் உள்துறைமுகத்தில் கீழைநாடுகளோடு வணிகம் நடந்ததால், கரையில் தலைப்பாகை கட்டியவர்கள் நடமாடுகிறார்கள். தூலோனுக்கு மூன்று படங்கள் கிடைத்ததற்குக் காரணம், அது மத்தியதரைக் கடலில் அரசரின் முதன்மையான போர்த்துறை. ஒரு படம் பீரங்கிக் கிடங்கின் மூலையிலிருந்து பார்த்தது. இன்னொன்று கப்பல்களுக்கு உணவு ஏற்றும் கிடங்குகளின் பக்கமிருந்து பார்த்தது. மூன்றாவதில் ஓவியர் ஊருக்குப் பின்னாலுள்ள மலைச்சரிவுக்கே ஏறிவிடுகிறார். அங்கே ஒரு நாட்டுப்புற வீட்டின் தளத்தில் ஓய்வாகப் பந்துருட்டி விளையாடுகிறவர்கள் முன்னால் தெரிய, போர்க்கப்பல்கள் நிற்கும் நீர்ப்பரப்பு எங்கோ தொலைவில் மின்னுகிறது. போர்த்துறையைக் காட்டச் சொன்ன இடத்தில் ஞாயிற்றுக்கிழமை போன்றதொரு பகலை முன்னே வைத்த துணிவை நான் எப்போதும் மாணவர்களுக்குச் சுட்டிக்காட்டுவேன்.

பாந்தோல் படம் எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே பெரிய துறைமுகம் கிடையாது. சூரை மீன் பிடிப்புதான் அவ்வூர்ப் புகழ். மீன்கள் ஆண்டுதோறும் கரையோரமாக வரும் வழியில், கடலுக்குள் அறை அறையாக வலைகளை நிலையாகக் கட்டி வைப்பார்கள். மீன் ஒவ்வோர் அறையாக உள்ளே போய்க் கடைசி அறையில் சிக்கியதும், சுற்றிலும் படகுகளை நிறுத்தி வலையை மேலே தூக்குவார்கள். அந்தத் தூக்கும் கணத்தை வெர்னே வரைந்திருக்கிறார். நீர் கொதிப்பது போலிருக்கிறது. மீனவர்கள் குனிந்து இழுக்கிறார்கள். அதைச் சுற்றி, நல்ல உடை அணிந்த சீமான்களும் சீமாட்டிகளும் படகுகளில் அமர்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள். உழைப்பையும் வேடிக்கையையும் ஒரே நீர்ப்பரப்பில் வைத்து, எதன்மேலும் தீர்ப்புச் சொல்லாமல் விட்டுவிடும் அந்த நிதானம், அவருடைய ரோம்காலப் புயல்களில் நான் காணாதது.

செத் படத்தை ஒட்டி நடந்த சச்சரவுதான் தங்கள் கேள்வியின் நேரான விடை. அவ்வூரைக் கரையிலிருந்து பார்த்தால் படமாக அமையவில்லை என்று நினைத்த வெர்னே, கடலின் பக்கமிருந்து, காற்றும் அலையும் சீறும் பொழுதில் வரைய விரும்பினார். மரின்யிக்கு அது உவப்பாக இல்லை. ஓவிய அழகு ஒரு தகுதி, இடத்தை அடையாளம் காண முடிவது இன்னொரு தகுதி, இரண்டும் இருக்க வேண்டும், துறைமுகங்களை உள்ளபடி பார்ப்பதே அரசரின் நோக்கம் என்னும் பொருளில் அவர் கடிதம் எழுதினார். இறுதியில் 1757இல் முடிந்த படம் கடலின் பக்கமிருந்து பார்த்ததாகவே அமைந்தது. முன்னே கொந்தளிக்கும் நீரும் தத்தளிக்கும் கப்பல்களும் இருக்க, பின்னே அலைதடுப்புச் சுவரும் ஊரும் மலையும் தெரிகின்றன. ஓவியர் தம் விருப்பத்தை முழுதாக விட்டுக்கொடுக்கவில்லை, ஆணையையும் மீறவில்லை. இந்தப் பேரம் பதினைந்து படங்களிலும் ஓசையின்றி நடந்துகொண்டே இருக்கிறது. கட்டடங்களும் கப்பல்களும் அரசருக்கு. வானமும் முன்தரையில் நடமாடும் மனிதர்களும் தமக்கு என்று அவர் பங்கு பிரித்துக்கொண்டதாகவே எனக்குப் படுகிறது. படத்தின் பாதிக்கு மேல் வானம்தான் என்பதைக் கவனித்தீர்களானால் யாருடைய பங்கு பெரியது என்பது தெரியும். மார்சேய் நுழைவாயில் படத்தின் கரைமேட்டில் அமர்ந்து வரையும் ஒருவரை வைத்து, தம்மையும் குடும்பத்தையும்கூட அந்தப் பங்குக்குள் அவர் சேர்த்துவிட்டார்.

இந்தப் படங்கள் மறைப்பவையும் உண்டு. போர்தோ, லா ரோஷெல் போன்ற ஊர்களின் செழிப்பில் கரிபியத் தீவுகளின் சர்க்கரைக்கும், அதை விளைவித்த ஆப்பிரிக்க அடிமைகளை விற்ற வணிகத்துக்கும் பெரும்பங்கு உண்டு. ரோஷ்ஃபோர் படத்தை அவர் பார்த்து வரைந்த இடமே குடியேற்ற நாடுகளுக்கான கிடங்குதான். ஆயினும் மூட்டைகளையும் பீப்பாய்களையும் பார்க்கிறவர் அவற்றின் பின்னாலுள்ள கொடுமையை ஊகிக்க வழியில்லை. இதற்கு வெர்னேயை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். செழிப்பைக் காட்டவே அரசர் காசு கொடுத்தார்.

பணி நீண்டதற்கும் நின்றதற்கும் காரணம் போர். 1756இல் பிரிட்டனோடு மூண்ட ஏழாண்டுப் போரில் பிரான்சின் கருவூலம் வறண்டது. ஓவியருக்கு வரவேண்டிய தொகை இழுபட்டது. குடும்பத்தையும் அழைத்துக்கொண்டு ஊர் ஊராக வீடு மாற்றிய வாழ்க்கை அது. மகன் கார்ல் 1758இல் போர்தோவில், தந்தையின் பிறந்த நாளான அதே ஆகஸ்டு 14 அன்று பிறந்தார். வெர்னே பயோனில் வேலையாக இருந்த காலத்தில்தான், 1761 ஜனவரியில், நம் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் வீழ்ந்தது. புதுச்சேரிக்குக் கப்பல்களை அனுப்பிய பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் துறையான லோரியாந்தையும், அட்லாந்திக் கடற்படையின் தளமான ப்ரெஸ்டையும் வெர்னே வரையவே இல்லை. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு, அவரிடம் பயின்ற ழான் பிரான்சுவா யூ என்பவரிடம் விடுபட்ட ஊர்கள் ஒப்படைக்கப்பட்டன. அந்தப் படங்களும் இருக்கின்றன. குருவின் பக்கத்தில் வைத்தால் சற்று விறைப்பாகத் தெரியும்.

படங்கள் அனைத்தும் ஒரே கையால் ஆனவையா என்றால், அப்படி உறுதிகூற முடியாது. தூலோன்காரரான பியேர் ழாக் வொலேர் இந்த ஆண்டுகளில் உதவியாளராகக் கூடவே இருந்தார். பின்னாளில் நேப்பிள்ஸில் குடியேறி வெசூவியஸ் எரிமலை வெடிப்புகளை வரைந்து பெயர் பெற்றவர் அவர்தாம். எந்தப் படத்தில் எந்தப் பகுதி அவருடையது என்று விரல் வைத்துக் காட்டுகிறவர்களை நான் எளிதில் நம்புவதில்லை.

அடுத்து, இப்பணி அவரை வளர்த்ததா என்ற கணக்கு. புகழைப் பொறுத்தவரை ஐயமே இல்லை. 1755ஆம் ஆண்டு சலோன் என்னும் அரச ஓவியக் கழகத்தின் கண்காட்சியில் முதல் துறைமுகங்கள் வைக்கப்பட்டபோதே அவர் நாடறிந்தவரானார். கொஷேனும் லெ பாவும் சேர்ந்து செப்புத் தகடுகளில் செதுக்கிய அச்சுப்படங்கள், அரண்மனைக்குள் நுழைய முடியாதவர் வீடுகளுக்கும் அவற்றைக் கொண்டுசென்றன. பாரிசில் குடியேறிய அவருக்கு லூவ்ர் அரண்மனையிலேயே தங்குமிடம் கிடைத்தது. கண்காட்சிகளைப் பற்றி எழுதிவந்த திதெரோ, 1767இல் வெர்னேயின் படங்களை விமரிசிப்பதாகச் சொல்லாமல், மெய்யான மலைகளிலும் கடற்கரைகளிலும் ஒரு நண்பரோடு உலாவியதுபோலவே எழுதிக்கொண்டு போய், பின்னர்தான் அவை ஓவியங்கள் என்று வெளிப்படுத்தினார். ஓவியருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடைப்பது அரிது.

கலையைப் பொறுத்தவரை என் விடை வழக்கமான கருத்துக்கு மாறானது. அரசுப் பணி முடிந்தபின் அவர் விடுதலை பெற்று உயர்ந்தார் என்பதற்குச் சான்றில்லை. 1765க்குப் பின் அவர் மீண்டும் ரோம்காலச் சரக்குக்கே திரும்பினார். புயல், அமைதி, நிலவு, மூடுபனி, ஒரு நாளின் நான்கு பொழுதுகள் என்று ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஓலை வந்துகொண்டிருந்தது. அவரும் சலிக்காமல் அனுப்பிக்கொண்டிருந்தார். அவற்றுள் சில அருமையானவை. ஆனால் பத்துப் படங்களை அடுத்தடுத்துப் பார்த்தால் அதே பாறை, அதே உடைந்த கப்பல், அதே மயங்கிய பெண் என்று தெரிந்துவிடும். துறைமுகங்களில் அந்த வசதி கிடையாது. லா ரோஷெலின் இரண்டு கோபுரங்களையும் நகர்த்த முடியாது. ஆந்தீப்பின் கோட்டையைச் சாய்க்க முடியாது. நகர்த்த முடியாத பொருள் எதிரே நின்றபோதுதான் அவர் கண் கூர்மையடைந்தது. எனவே அந்தப் பணி முடக்கவில்லை, மனப்பாடத்திலிருந்து அவரைச் சில ஆண்டுகள் வெளியே இழுத்து வைத்தது என்பது என் கருத்து. இத்துறையில் என்னைவிடக் கற்றவர்கள் சிலர், ரோம்கால ஓவியங்களின் ஒளியே உச்சம் என்பார்கள். நேப்பிள்ஸ் படங்களைப் பார்த்த அன்று மட்டும் நானும் அவர்கள் பக்கம் சாய்ந்தேன்.

தாங்கள் போகிறபோக்கில் அவரைக் ‘கடற்படையின் அதிகாரபூர்வ ஓவியர்’ என்று குறித்திருக்கிறீர்கள். அப்பட்டம் பிரான்சில் 1830இல்தான் ஏற்பட்டது. க்ரெப்பேனும் குதேனும் முதலில் பெற்றவர்கள். வெர்னே 1789 டிசம்பர் 3 அன்றே, பாஸ்தீய் சிறை வீழ்ந்த சில மாதங்களில், லூவ்ரில் காலமானார். அவ்வாண்டுக் கண்காட்சிக்கு அவர் கொடுத்த படம் மொரீசியசுக் கரையில் மூழ்கிய கப்பலிலிருந்து ஒதுங்கிய வர்ஜீனி என்ற பெண்ணின் உடலைக் காட்டுவது. முந்தைய ஆண்டு வெளிவந்து ஊரையே அழவைத்த ஒரு நாவலின் முடிவு அது. எழுபத்தைந்து வயதில், வாழ்நாளெல்லாம் பெயரில்லாமல் வரைந்துவந்த அந்தக் கரையொதுங்கிய பெண்ணுக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது. அப்படம் இப்போது ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் நகர எர்மித்தாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. துறைமுகங்களில் பதின்மூன்று பாரிசின் தேசியக் கடற்படை அருங்காட்சியகத்திலும் இரண்டு லூவ்ரிலும் உள்ளன. பழுதுபார்ப்புக்காக நெடுநாள் மூடியிருந்த அந்தக் கடற்படை அருங்காட்சியகம் 2023 நவம்பரில் மீண்டும் திறந்தது.

தங்கள் படத்தைப் பொறுத்தவரை, ஒளிப்படத்தைப் பார்த்து விலையும் வயதும் சொல்ல என்னால் இயலாது; சொல்கிறவரையும் நம்ப வேண்டாம். அடியில் கொஷேன், லெ பா பெயர்கள் இருப்பதால் மட்டும் அது பதினெட்டாம் நூற்றாண்டுத் தாள் ஆகிவிடாது. இத்தகைய புகழ்பெற்ற அச்சுப்படங்களைப் பிற்காலத்திலும் படியெடுத்திருக்கிறார்கள். சட்டத்திலிருந்து மெல்லக் கழற்றி, தாளை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து நீர்க்குறி இருக்கிறதா என்றும், படத்தைச் சுற்றிச் செப்புத் தகடு அழுந்திய பள்ளம் விரலுக்குத் தட்டுப்படுகிறதா என்றும் பாருங்கள். பள்ளம் இல்லையென்றால், ஓரத்தை யாரோ வெட்டியிருக்க வேண்டும், அல்லது அது செப்புத் தகட்டில் எடுத்த படியே அன்று. இவ்விரண்டில் எது என்பதைத் தாளைக் கையில் வாங்கிப் பார்க்கும் அச்சுப்பட நிபுணர் ஒருவர்தாம் சொல்ல முடியும்.